பாட்டுத் தட்டா, ஃபைல் தட்டா? கையடக்க சிடி பிளேயருக்கு எதைப் போடுவது

150 பாட்டு அடங்கிய எம்பி3 தட்டைப் பழைய கையடக்க பிளேயரில் போட்டால், திரையில் '1' என்று ஒரே ஒரு எண் வரும். பக்கத்தில் 70 நிமிடத்துக்கு மேல் நேரம் காட்டும். பிளே பட்டனை அழுத்தினால் தட்டு சுற்றும், விநாடி நகரும், சத்தம் மட்டும் வராது. சில பிளேயரில் 'நோ டிஸ்க்' என்று வந்து அதோடு நின்றுவிடும். தட்டிலும் கோளாறு இல்லை, பிளேயரிலும் கோளாறு இல்லை. ஒன்று பேசும் மொழி மற்றதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், எம்பி3 தட்டு கொட்டிக் கிடந்த காலத்திலிருந்தே பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பலர் வீட்டில் இந்தக் குழப்பம் உண்டு. இப்போது பழைய பிளேயர்களை மறுபடியும் தேடி வாங்குகிறார்கள், குழப்பமும் கூடவே திரும்பி வந்திருக்கிறது. தட்டு இரண்டும் ஒரே அளவு, 12 சென்டிமீட்டர். ஒரே பளபளப்பு. உள்ளே இருப்பதுதான் வேறு.

உள்ளே என்ன இருக்கிறது

ஆடியோ சிடியில் 'ஃபைல்' என்று எதுவுமே இல்லை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதிக் குழப்பம் பாதி தீர்ந்த மாதிரி. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980இல் வகுத்த முறைப்படி, விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக்கி, இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாக, உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை ஒரே சுருளாக எழுதியிருக்கும். காசெட் நாடா மாதிரிதான். தொடக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: முதல் பாட்டு இந்த நிமிடம், இரண்டாவது அந்த நிமிடம் என்று. பிளேயர் அதைப் படித்துவிட்டுச் சுருளைப் பிடித்து ஓடும். அதிகபட்சம் 99 டிராக். பெயர், ஃபோல்டர் எதுவும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

'கணினியில் திறந்தால் ஃபைல் தெரிகிறதே' என்பீர்கள். டிராக்01, டிராக்02 என்று வரிசையாகத் தெரியும், கடைசியில் சிடிஏ என்று இருக்கும். ஒன்றை வலது கிளிக் செய்து அளவைப் பாருங்கள். 44 பைட்! ஐந்து நிமிடப் பாட்டு 44 பைட்டில் அடங்குமா? அது பாட்டே இல்லை. பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விண்டோஸ் தன் வசதிக்காகக் காட்டும் துண்டுச் சீட்டு. இந்தச் சீட்டுகளை இழுத்துக் கணினியில் போட்டுவிட்டு, 'சிடியைக் காப்பி எடுத்தாயிற்று' என்று மூல தட்டை யாருக்காவது கொடுத்துவிட்டவர்கள் நிறைய பேர்.

எம்பி3 தட்டு அப்படியில்லை. அது கணினித் தட்டு. அலமாரி மாதிரி அறைகள், அறைக்குள் ஃபைல்கள். பிளேயர் முதலில் அலமாரியின் அமைப்பைப் படிக்க வேண்டும், பிறகு ஃபைலைத் திறக்க வேண்டும், பிறகு சுருக்கிக் கட்டியிருப்பதை விரித்து ஒலியாக்க வேண்டும். அதற்கென்று தனிச் சிப் வேண்டும். 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தச் சிப் உள்ள கையடக்க பிளேயர்கள் கடைக்கு வந்தன. அதற்கு முந்தியவற்றில் எத்தனை தடவை போட்டாலும் எம்பி3 பாடாது. மிகப் பழைய சில பிளேயர்களில் மௌனத்துக்குப் பதிலாகக் காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். ஆகவே தெரியாத தட்டை முதல் தடவை போடும்போது ஒலியைக் குறைத்து வையுங்கள். இயர்போன் காதில் இருந்தால் இன்னும் கவனம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

ஆடியோ சிடியில் ஒரு விநாடி ஒலிக்கு 1,76,400 பைட் போகும். ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சுமார் 53 எம்பி. 80 நிமிடத் தட்டில் அப்படி 16 பாட்டு. பாட்டு பழையதோ புதியதோ, ஒரே ஒரு வீணையோ நூறு பேர் வாத்தியமோ, நிமிடக் கணக்கு மாறாது.

எம்பி3யில் பிட்ரேட்தான், அதாவது ஒரு விநாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் (கேபிபிஎஸ்) என்பதுதான், கணக்கு. அதே ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ்சில் 4.8 எம்பி, 192இல் 7.2 எம்பி, 320இல் 12 எம்பி. 700 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கும் தட்டில் 128க்கு 150 பாட்டு, 192க்கு 100, 320க்கு 60 பிடிக்கும். பசார் மாலத் தட்டின் '150 பாட்டு' எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? எண்ணிக்கையைக் காட்டி விற்பதற்காக 128க்கு, சில தட்டில் அதற்கும் கீழே இறக்கிவிடுவார்கள். சின்ன ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாது. நல்ல இயர்போனில் தாளத்தையும் ஜால்ராவையும் கவனித்தால் மணியின் கூர்மை போய், மணல் கொட்டுவது போல் ஒரு 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். எம்பி3 பாட்டை வெற்றுத் தட்டில் ஆடியோ சிடியாக எழுதினால், அதாவது பர்ன் செய்தால், பாட்டு 53 எம்பிக்கு விரியும், தரம் விரியாது. சுருக்கும்போது தூக்கிப் போட்டதெல்லாம் போனதுதான். தேங்காயைப் பிழிந்த பிறகு சக்கையில் தண்ணீர் ஊற்றினால் முதல் பால் வருமா? ஆனாலும் இந்த வழி சில நேரம் அவசியம். எம்பி3 தெரியாத பிளேயரில் அந்தப் பாட்டைக் கேட்க வேறு வழி கிடையாது.

பிளேயரைப் பார்த்தே கண்டுபிடிப்பது

மூடியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 'காம்பாக்ட் டிஸ்க் டிஜிட்டல் ஆடியோ' சின்னம் மட்டும் இருந்தால் ஆடியோ சிடி மட்டும்தான். 'எம்பி3' என்று தனியாக எழுதியிருந்தால் இரண்டும் பாடும். விண்டோஸின் பாட்டு ஃபைல் வகையான 'டபிள்யூஎம்ஏ' சேர்ந்திருந்தால் அதுவும். எம்4ஏ என்ற வகை பெரும்பாலான கையடக்க பிளேயருக்குத் தெரியாது. ஐடியூன்சில் எடுத்த பாட்டுகள் அந்த வகையாக இருந்தால் முதலில் எம்பி3யாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்து தேய்ந்து போயிருந்தால் பட்டனைப் பாருங்கள். 'ஃபோல்டர்' அல்லது 'ஆல்பம்' என்று கூட்டல், கழித்தல் பட்டன் இருந்தால் எம்பி3 பிளேயர். ஆடியோ சிடிக்கு ஃபோல்டர் எதற்கு?

'ஈஎஸ்பி', 'ஆண்டி-ஷாக்' போன்ற எழுத்துகள் எம்பி3யைக் குறிப்பவை அல்ல. குலுங்கும்போது பாட்டு தாவாமலிருக்க, சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆடியோ சிடிக்கு 40 விநாடி கிடைக்கும் அதே நினைவகத்தில் 128 கேபிபிஎஸ் எம்பி3 அதைவிட அதிக நேரத்துக்கு அடங்கிவிடும். அதனால் எம்பி3 தட்டு ஓடும்போது மோட்டார் சற்று நேரம் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மோட்டாருக்கு ஓய்வு கிடைப்பதால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

லோரோங் கூலிட்டிலோ அம்கோர்ப் மாலிலோ வாங்கும்போது

பினாங்கில் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தையிலும் இந்த மாதிரிப் பழைய சாமான்களைத் தேடலாம். 'போட்டுப் பாருங்க, நல்லா ஓடும்' என்று கடைக்காரர் ஒரு தட்டைப் போட்டுக் காட்டுவார். அது பெரும்பாலும் கம்பெனியில் அச்சடித்த ஒரிஜினல் தட்டாக இருக்கும். அது ஓடுவதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கையில் நான்கு தட்டு கொண்டு போங்கள். ஒன்று ஒரிஜினல் ஆடியோ சிடி. இரண்டு, 80 நிமிடம் நிறைய பர்ன் செய்த ஆடியோ சிடி-ஆர் (ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய தட்டு). மூன்று, எம்பி3 சிடி-ஆர். நான்காவது சிடி-ஆர்டபிள்யூ (அழித்து மறுபடி எழுதக்கூடிய தட்டு), கையில் இருந்தால் மட்டும். கூடவே இரண்டு புது ஏஏ பேட்டரி, உங்கள் சொந்த இயர்போன்.

ஏன் இத்தனை? ஒரிஜினல் தட்டின் அலுமினியப் படலம் லேசர் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். சிடி-ஆர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சிடி-ஆர்டபிள்யூவோ வந்த ஒளியில் கால்பங்கைக்கூடத் திருப்பாது. லேசர் கிழடு தட்டிய பிளேயர் ஒரிஜினலை ஜோராகப் பாடும், சிடி-ஆரில் திணறும், ஆர்டபிள்யூவை இல்லவே இல்லை என்று சொல்லிவிடும். மூன்றையும் வரிசையாகப் போட்டால் லேசருக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்பதற்கு ஒரு குத்துமதிப்பு கிடைத்துவிடும். ஆனால் 1997க்கு முந்திய பிளேயர் ஆர்டபிள்யூவைப் படிக்காததைக் குற்றமாக எடுக்காதீர்கள். அந்தத் தட்டே அப்போது கடைக்கு வரவில்லை.

முதல் டிராக்கைக் கேட்டுவிட்டு நேராகக் கடைசி டிராக்குக்குப் போங்கள். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். உள்வட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவட்டத்துக்குப் போகப் போகச் சுமார் 200. லேசரை நகர்த்தும் தண்டவாளத்தில் பிசின் ஏறியிருந்தால் நடுவில் எங்காவது சிக்கிக்கொள்ளும். முதல் பாட்டில் அது தெரியாது. கடைசிப் பாட்டு வரை லேசர் போய்ச் சேருகிறதா, போகும்போது 'டிக் டிக்' என்று அடிக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரம் என்பதால், பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் ஒரு துடைப்பு, நன்றாகக் காய வைத்தால் பல நேரம் சரியாகிவிடும். கம்பிச் சுருளே அரித்துப் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடாப்டர் விஷயத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய பிளேயரோடு வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். நம் வீட்டுச் சுவரில் வருவது 230, 240 வோல்ட். முனை மாற்றும் பிளக் ஒன்றைச் செருகி அப்படியே போட்டால் அடாப்டர் புகைந்துவிடும், சேர்த்துப் பிளேயரும் போகலாம். அடாப்டரின் முதுகில் 'இன்புட் 100-240' என்று இருந்தால்தான் நேராகச் செருகலாம். இல்லாவிட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு, பிளேயரில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்கு ஏற்ற புது அடாப்டர் வாங்குங்கள். வோல்ட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. நடுமுனை கூட்டலா கழித்தலா என்று காட்டும் சின்ன வட்டப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆடியோ சிடி செய்வது

வெற்றுத் தட்டு வாங்கும்போது சிடி-ஆர், 80 நிமிடம், 700 எம்பி. டிவிடி-ஆரைத் தவறி எடுத்துவிடாதீர்கள். சிடி பிளேயரின் லேசர் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. சிடி பிளேயரில் டிவிடியைப் போட்டால் வெறும் கண்ணாடித் துண்டைப் போட்ட மாதிரிதான், அதற்கு எதுவும் தெரியாது.

விண்டோஸ் மீடியா பிளேயரில் 'பர்ன்' பக்கத்தைத் திறந்து, அதன் ஆப்ஷனில் 'ஆடியோ சிடி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு கிளிக்தான் எல்லாம். 'டேட்டா சிடி' என்று இருந்தால் எம்பி3 தெரியாத பிளேயர் பாடாது. பாட்டுகளை இழுத்துப் போட்டதும் மொத்த நிமிடம் காட்டும். 80க்குள் நில்லுங்கள், 78இல் நிறுத்துவது இன்னும் நல்லது. வெளி ஓரம்தான் கைபடும் இடம், கீறலும் அங்கேதான் அதிகம்.

பாட்டுக்குப் பாட்டு 2 விநாடி இடைவெளி விடுவது வழக்கம். சினிமாப் பாட்டுக்கு அது சரி. கச்சேரிப் பதிவுக்குச் சரிப்படாது. ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்திலோ, தனியாவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்திலோ டிராக் பிரித்திருந்தால், சுருதி நடுவில் அறுந்து 2 விநாடி வெறுமை வந்து மறுபடி சுருதி எழும். கேட்கச் சகிக்காது. பர்ன் ஆப்ஷனில் 'இடைவெளி இல்லாமல்' என்பதை டிக் செய்யுங்கள். வேறு மென்பொருளில் 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' என்ற முறையைத் தேர்ந்து, இடைவெளியை 0 ஆக்க வேண்டும். எம்பி3 தட்டில் இதற்குச் சுலபமான தீர்வு கிடையாது. எம்பி3யாக்கும்போதே ஃபைலின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும், கையடக்க பிளேயர்கள் அதை வெட்டுவதில்லை. கச்சேரி கேட்பவர்கள் ஆடியோ சிடியைத்தான் விரும்ப வேண்டும், அல்லது முழுக் கச்சேரியையும் ஒரே எம்பி3 ஃபைலாக்கிக்கொள்ள வேண்டும்.

எழுதும் வேகம் 16எக்ஸ், அதாவது பாடும் வேகத்தைப் போல 16 மடங்கு, போதும். 80 நிமிடத் தட்டு ஐந்து ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். 'மெதுவாக எழுதினால் நல்லது' என்று 4எக்ஸ்சுக்கு இறக்குவார்கள். இப்போது வரும் 52எக்ஸ் தட்டின் சாயம் அந்த வேகத்துக்கென்று கலக்கப்படவில்லை, பலன் தலைகீழாகவும் வரலாம். 52எக்ஸ்சும் வேண்டாம், அந்த வேகம் வெளிவட்டத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

முடிந்த தட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்வட்டத்திலிருந்து எழுதிய பகுதி நிறம் சற்று மாறி ஒரு வளையமாகத் தெரியும். பாதித் தட்டு எழுதியிருந்தால் வளையம் பாதியில் நிற்கும். ஒரு தட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணினி இல்லாமலே சொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

எம்பி3 தட்டு செய்வது

வெற்றுத் தட்டைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் தட்டை யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி அல்லது டிவிடி பிளேயருக்கா? படிக்காமல் முதலாவதை அழுத்துகிறவர்களின் தட்டுதான் கணினியில் அழகாகத் திறந்து, பிளேயரில் 'நோ டிஸ்க்' என்று வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் ஐஎஸ்ஓ 9660 என்ற பழைய அமைப்பில் எழுதும், பிளேயருக்குத் தெரிந்த அலமாரி அது ஒன்றே.

ஒரே தடவையில் எழுதி, தட்டை மூடிவிடுங்கள், அதாவது இனி எதுவும் சேர்க்க முடியாதபடி மென்பொருளில் முடித்துவிடுங்கள். இன்று 30 பாட்டு, அடுத்த வாரம் 20 பாட்டு என்று சேர்த்துக்கொண்டே போனால் சில பிளேயருக்கு முதல் தவணை மட்டும்தான் தெரியும். மூடாத தட்டைச் சில பிளேயர் தொடவே தொடாது.

பிட்ரேட் 192, நிலையான வகை. தரத்துக்கும் எண்ணிக்கைக்கும் அதுதான் நல்ல நடுவழி. மாறும் பிட்ரேட் வகையைப் பழைய பிளேயர் பாடினாலும், நேரத்தைத் தாறுமாறாகக் காட்டும். ஆன்மிகச் சொற்பொழிவு, பேச்சு என்றால் ஒற்றைச் சேனலில் 64 போதும். ஒரே தட்டில் 25 மணி நேரம் வரும். ஆனால் அளக்கும் வேகத்தை 44,100இலேயே வையுங்கள். இடம் மிச்சம் பிடிக்க 22,050க்கு இறக்கிய ஃபைல்களைச் சில பிளேயர் வாயே திறக்காமல் தாண்டிப் போய்விடும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று போகாதீர்கள். ஒரு நிலை போதும். எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர் வரை எண்ணும் என்பது பிளேயருக்குப் பிளேயர் மாறும்.

வரிசைதான் அடுத்த தலைவலி. 1, 2, 3 என்று எண் போட்டால் பிளேயர் 1, 10, 11, 2 என்று பாடும், ஏனென்றால் அது எழுத்து வரிசை பார்க்கிறது. 01, 02 என்று போடுங்கள். 100க்கு மேல் போனால் 001. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை வழியில் பந்தல் போட்டு நாள் முழுக்க ஓடவிடும் தட்டென்றால் இது முக்கியம். விநாயகர் பாட்டில் தொடங்கத் திட்டமிட்டது, நடுவில் எங்கோ போய் நிற்கும்.

வெவ்வேறு இடத்திலிருந்து சேர்த்த பாட்டுகளில் ஒன்று கத்தும், அடுத்தது முணுமுணுக்கும். எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் ஃபைலை மறுபடி சுருக்காமலே ஒலியளவைச் சமன்படுத்தும். தரம் கெடாது. பர்ன் செய்வதற்கு முன்பு ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங் செயலியில் 'டவுன்லோட்' செய்து வைத்திருக்கும் பாட்டை இதற்குப் பயன்படுத்த முடியாது. அது பூட்டுப் போட்ட ஃபைல், அந்தச் செயலிக்கு வெளியே பாடாது. சொந்தமாக வாங்கிய சிடியிலிருந்து எடுப்பதுதான் நேரான வழி. தட்டைக் கணினியில் போட்டு 'ரிப்' செய்யும்போது, எந்த வகையில் சேமிப்பது என்ற இடத்தில் எம்பி3 என்று மாற்றியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் டபிள்யூஎம்ஏ ஆகிவிடக்கூடும். கீறல் உள்ள பழைய தட்டுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி நல்லது. அது ஒவ்வோர் இடத்தையும் சரிபார்த்து, சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்பப் படிக்கும். அதனாலேயே மெதுவாக ஓடும், அவசரப்படாதீர்கள்.

தமிழில் பெயர் வைத்தால்

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கணினி ஏற்றுக்கொள்ளும். பிளேயரின் சின்னத் திரையில் தமிழ் எழுத்துரு இருக்காது, கேள்விக்குறி வரிசையோ கட்டங்களோதான் தெரியும். பாட்டு பாடும், பெயர்தான் தெரியாது. ஃபைலின் பெயரையும் உள்ளே இருக்கும் குறிப்புகளையும் ரோமன் எழுத்தில், சுருக்கமாக, புள்ளி, சாய்கோடு போன்ற குறிகள் இல்லாமல் வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பழைய குறிப்பு முறையில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைப்பாளர் பெயர் எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்தால், திரையில் படத்தின் பெயர் மட்டும் தெரிந்து பாட்டின் பெயர் வாலில் அறுந்துபோகும். பாட்டின் பெயரை முன்னால் போடுங்கள்.

ஃபைலுக்குள் ஒட்டியிருக்கும் அட்டைப் படத்தையும் நீக்குங்கள். அது ஃபைலின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும். பாட்டைத் தேடும் சின்னச் சிப் அந்தப் பெரிய படத்தைத் தாண்டத் திணறி, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சில விநாடி விழிக்கும், அல்லது அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

ஒரே கீறல், இரண்டு விதமான சேதம்

ஆடியோ சிடியில் இருக்கும் பிழைதிருத்த ஏற்பாடு, சுருளில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்தாலும் முழுதாக மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் முன்னும் பின்னும் உள்ள ஒலியை வைத்து நடுவை ஊகித்து நிரப்பும். காதுக்குப் பெரும்பாலும் தெரியாது.

எம்பி3யில் ஊகிக்க வழியில்லை. கணினித் தட்டில் அதனால்தான் கூடுதலாக ஓர் அடுக்குத் திருத்தம் வைத்திருக்கிறார்கள். அதையும் மீறிக் கீறல் ஆழமாக இருந்தால் இழப்பு பெரிது. தட்டின் ஒரு துண்டு என்பது ஆடியோ சிடியில் விநாடியில் 75இல் ஒரு பங்கு. அதே துண்டு 128 கேபிபிஎஸ் எம்பி3யில் கிட்டத்தட்ட 0.13 விநாடி, பத்து மடங்கு. அங்கே பிளேயர் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்து, முடியாமல் நின்றுவிடும். 'என் ஆடியோ சிடியில் இதைவிட மோசமான கீறல், அது ஓடுகிறது, இது ஏன் ஓடவில்லை' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

துடைப்பதென்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் சுருளோடு சேர்ந்தே ஓடும், திருத்தும் ஏற்பாட்டுக்கு அதுதான் எமன். அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மேல்பக்கத்தை மேசையில் தேய்ப்பவர்கள் உண்டு. உண்மையில் மேல்பக்கம்தான் மெல்லியது. அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, மேலே வெறும் வார்னிஷ் பூச்சு. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்த எழுத்தே பாட்டில் ஓட்டையாகிவிடும். மென்முனை மார்க்கர் போதும். காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ஒரு பக்கம் கனத்தால் தட்டு சுற்றும்போது ஆடும், நம் ஊர் ஈரத்தில் ஓரம் கிளம்பி மூடியில் உரசும்.

வெயிலும் ஈரமும்

சிடி-ஆரில் பாட்டைத் தாங்கி நிற்பது ஒரு சாயம். வெயில் பட்டால் வெளுக்கும். காடியின் டேஷ்போர்டில் தட்டை விட்டுவிட்டு மத்தியானம் வேலைக்குப் போய் வந்தால், தட்டும் வளையும், சாயமும் போகும். ஒரிஜினலைக் காடியில் வைக்காதீர்கள், பர்ன் செய்த நகலை வையுங்கள்.

பூஞ்சை அடுத்த எதிரி. பினாங்கு வீடுகளில் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த தட்டைத் திறந்தால், மேலே வெள்ளையாகக் கிளை விட்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, விரல் நுனியால் மெதுவாக, நல்ல தண்ணீரில் அலசி, மென்துணியால் ஒற்றி எடுங்கள். பூஞ்சை தட்டில் இருந்தால் பிளேயரின் லென்சிலும் இருக்கும். ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, லென்சின் மேல் அழுத்தாமல் ஒரு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும், அழுத்தினால் சாய்ந்து பிளேயரே வீணாகும். மூடி திறந்திருக்கும்போது பூட்டு சுவிட்சைக் குச்சியால் அழுத்தி லேசரை ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை.

துடைத்த பிறகும் சிடி-ஆர் மட்டும் ஓடாவிட்டால், லேசரின் சக்தியைக் கூட்ட உள்ளே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பச் சொல்வார்கள். ஓடும், சில மாதம். அதற்குப் பிறகு ஒரிஜினலும் ஓடாது. அதைத் தொடாமல், அந்தப் பிளேயரை ஒரிஜினல் தட்டுக்கு மட்டும் ஒதுக்கி, எம்பி3க்கு வேறொன்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுகளை வைக்கும் பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.